முதல் தண்ணீர் சுடும்

மோட்டார் சுவிட்சின் மேல் விரலை வைத்தவள் அப்படியே நின்றாள்.

மேலே தொட்டி நிறைந்துவிட்டது. சத்தம் மாறியதை வைத்தே தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில், பின்பக்கச் சுவரோடு இறங்கி ஆள் உயரத்துக்குச் சற்று மேலே முடிகிற குழாய் வழியாக, வழிகிற தண்ணீர் கொட்டத் தொடங்கும்.

மே மாத மத்தியானம். கீழ்ப்படியில் அவள் மகள் மகிழும் எதிர்வீட்டு ரெஹானும் ஒரே செல்போனுக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அழுத்தினால் முடிந்தது. இந்த வாரம் மோட்டார் அவள் பொறுப்பு. தொட்டி வழிந்தால் இரண்டாம் மாடி வரதராஜன் சார் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார். பெயர் போடமாட்டார். எல்லோருக்கும் புரியும்படி போடுவார்.

அவள் அழுத்தவில்லை.

அவள் சிறுமியாக இருந்தபோது பாளையங்கோட்டையில் அவர்கள் இருந்தது ஒரு வளவு. ஒரே வாசலுக்குள் ஐந்து வீடு. ஒரே கிணறு, ஒரே மோட்டார், பொதுக் குளியலறைக் கூரைமேல் ஒரு சிமெண்ட் தொட்டி. சுவிட்ச் அவர்கள் வீட்டுச் சுவரில் இருந்ததால் போடுவதும் அணைப்பதும் அம்மாவின் வேலை.

ஏப்ரல் பாதி வரைக்கும் அம்மா சரியாக அணைத்துவிடுவாள்.

கோடை விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் அடைத்ததும் அவளுக்கு மறதி வந்துவிடும்.

தொட்டி வழியும். முதலில் வருவது காலையிலிருந்து வெயிலில் காய்ந்த தண்ணீர். சுடும். அவசரப்பட்டுப் போய் நின்ற பிள்ளை துள்ளிக்கொண்டு வெளியே ஓடிவரும். அதற்குப் பிறகுதான் கிணற்றுத் தண்ணீர். நடுமண்டையில் ஜில்லென்று இறங்கும். மூச்சு ஒரு நொடி நின்றுவிட்டு வரும்.

அந்த ஒரு குழாய்க்குக் கீழே ஐந்து வீட்டுப் பிள்ளைகளும். ஒரே தள்ளுமுள்ளு. சேற்றில் வழுக்கி விழுந்தவர்களும் சிரிப்பார்கள். ஊட்டியும் கொடைக்கானலும் பாடப்புத்தகத்தில் இருந்த ஊர்கள். அங்கே போகவில்லையே என்று ஒருத்தருக்கும் தோன்றியதில்லை.

பிறகு வீட்டுக்காரர் வருவார்.

"இன்னொருதரம் தொட்டி வழிஞ்சுதுன்னா வீட்டைக் காலி பண்ணிரணும் பாத்துக்க, செம்பகம்."

சொன்னால் செய்கிற மனுஷர். அப்பா லாரியில் போனால் வாரக்கணக்கில் திரும்பமாட்டார். காலி செய்யச் சொன்னால் போவதற்கு வேறு இடமும் கிடையாது.

அம்மா தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள். மறந்துட்டேன் அண்ணாச்சி என்பாள்.

வளவே சிரிக்கும். மறதிச் செம்பகம் என்று பெயரே வைத்துவிட்டார்கள். சொட்டச் சொட்ட நின்ற மகளுக்கு அழுகை வரும். இந்த அம்மாவுக்கு மட்டும் ஏன் ஒன்றும் நினைவில் நிற்பதில்லை என்று கோபமாகவும் வரும்.

அடுத்த வாரம் அம்மா மறுபடியும் மறப்பாள்.

கல்யாணமாகி, மகிழ் பிறந்து, ஒருநாள் அடுப்பில் பொங்கி வழிந்த பாலைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது.

அம்மாவின் அடுப்பில் பால் ஒருநாளும் பொங்கி வழிந்ததில்லை.

அரிசி ஊறப்போட மறந்ததில்லை. பள்ளிக்கூட பீஸ் கட்ட மறந்ததில்லை. எந்த வீட்டுப் பிள்ளைக்குக் கத்திரிக்காய் ஒத்துக்கொள்ளாது என்பதுவரை அவளுக்கு நினைவிருக்கும். தொட்டி வழிகிற நாள்களில், பிள்ளைகள் நனைவதற்கு முன்னாலேயே, கொடியில் பழைய துண்டுகள் தொங்கிக்கொண்டிருக்கும்.

அன்று முழுவதும் அவளுக்கு வேலை ஓடவில்லை.

ஊருக்குப் போனபோது கேட்டும் பார்த்தாள். அம்மா பிடிகொடுக்கவில்லை. மறதிதான் என்று சொல்லிவிட்டுக் கீரை ஆயப் போய்விட்டாள். வாங்கிக்கொள்ளவே மாட்டேன் என்று நிற்கிறவளுக்கு நன்றியை எப்படிக் கொடுப்பது என்று அவளுக்கு இன்றுவரை தெரியவில்லை.

குழாய் ஒருமுறை செருமியது. கொட்டத் தொடங்கியது.

படியில் இரண்டு தலைகள் நிமிர்ந்தன. ரெஹான் எழுந்தான். மகிழ் செல்போனைக் கவிழ்த்து வைத்தாள்.

வீணாகாது, சுவரோரத்து முருங்கைக்குத்தான் போகும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"முதல்ல வாரது சுடும். பிள்ளையள கொஞ்சம் பொறுக்கச் சொல்லுட்டி."

அம்மா. போன வருடத்திலிருந்து அவர்களோடுதான் இருக்கிறாள். முழங்கால் வலியோடு மாடிப்படி இறங்கி வந்து பின்வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

பிள்ளைகள் பொறுத்தார்கள். பிறகு பாய்ந்தார்கள். மகிழ் போட்ட கூச்சலில் முருங்கையிலிருந்த காக்கை எழுந்து பறந்தது.

இரண்டாம் மாடி ஜன்னல் திறந்தது.

"யாரும்மா அங்க? மோட்டார ஆஃப் பண்ணலையா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எப்படி நிற்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

"மறந்துட்டேன் சார்."

அம்மா திரும்பி அவளைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் ஜன்னலை நிமிர்ந்து பார்த்து, முகத்தில் துளிச் சிரிப்பும் இல்லாமல் சொன்னாள்.

"அவளுக்குச் சின்னப்புள்ளையிலேயே மறதி சார். என்னைய மாதிரி."

ஜன்னல் சாத்திக்கொண்டது.

அப்போதுதான் அவள் அம்மாவின் தோளைக் கவனித்தாள். பழைய துண்டுகள். மூன்று.

நனைகிற பிள்ளைகள் இரண்டு பேர்தான்.

அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி சுவிட்ச் பெட்டியின் மேல் வைத்துவிட்டுக் குழாயை நோக்கி நடந்தாள்.