ஒரு தினார் பீர்

கதவைத் தட்டியது பைலி. காயலைத் தாண்டி வைப்பினுக்கு ஆளேற்றிப் போகும் வள்ளக்காரர்.

பேச்சி கதவை முழுக்கத் திறக்கவில்லை. முகம் தெரியும் அளவுக்குத் திறந்தாள். பொழுது சாய்ந்துவிட்டது, தெருவில் இன்னும் யாரும் விளக்கேற்றவில்லை.

"மோளே, இசக்கி வெள்ளத்திலா. வேகம் வா."

அவருக்கு மூச்சு வாங்கியது. பேச்சிக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது.

இனிக் குடிப்பதில்லை என்று காலையில் அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டுப் போன புருஷன். வைப்பினில் ஒரு முதலாளியின் மீன்பிடிப் படகில் என்ஜின் பார்க்கும் வேலை. அதைப் பேசி முடித்துவிட்டு நேரே வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். இன்றைக்கும் குடித்தால் நாளைக்கு ரயிலேறித் திருநெல்வேலி போய்விடுவேன், பிறகு என் முகத்தில் விழிக்க வேண்டாம் என்று அவளும் சொல்லியிருந்தாள். தகரப்பெட்டி கட்டிலடியில் தயாராக இருந்தது.

இசக்கிமுத்து குடிகாரனாகப் பஹ்ரைனுக்குப் போகவில்லை. ஒரு கணக்கைக் கற்றுக்கொண்டு திரும்பி வந்தான், அவ்வளவுதான்.

அங்கே ஓட்டல் பாரில் ஒரு பாட்டில் பீர் ஒரு தினார். நம் காசுக்கு இருபத்தைந்து ரூபாய். இரண்டு வருஷம் அந்த வாசலைத் தாண்டித்தான் வேலைக்குப் போனான். கண்ணாடிக்குப் பின்னால் நுரை பொங்குவதைப் பார்ப்பான். அறைக்கு வந்து பால் இல்லாத கட்டன் சாயா குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வான்.

மட்டாஞ்சேரிக்கு வந்தால் பஜார் ரோட்டு பாரில் அதே பீர் பத்து ரூபாய்.

ஒரு பாட்டிலுக்குப் பதினைந்து ரூபாய் லாபம் என்று கண்டுபிடித்தான், பெரிய மேதாவி.

அந்த லாபத்தில் முதலில் டேப் ரிக்கார்டர் போயிற்று. பிறகு கைக்கடிகாரம். பிறகு பேச்சியின் சங்கிலி. லாபம் நாள் தவறாமல் வந்துகொண்டுதான் இருந்தது. அரிசிப் பானைதான் காலி.

அவன் திரும்பி வந்த பிறகுதான் பேச்சி இந்த ஊருக்கு வந்தாள். வந்த புதிதில் இங்கத்து மலையாளப் பேச்சு பிடிபடவில்லை. தண்ணீர் கேட்டால் வெள்ளம் வேணுமா என்றார்கள். அவள் ஊரில் வெள்ளம் என்றால் ஆறு கரையை உடைத்துக்கொண்டு வருவது. இங்கே தண்ணீருக்கே அதுதான் பேர் என்று ஒருவழியாகப் பழகிய சமயத்தில், பார்க்காரன் ஒருவன் வாசலில் வந்து நின்றான். இசக்கி வெள்ளத்தில் இருக்கிறான் என்றான்.

பேச்சி தலைவிரி கோலமாகப் படகு ஜெட்டிக்கு ஓடினாள். மாரில் அடித்துக்கொண்டு காயலைப் பார்த்துக் கத்தினாள்.

இசக்கி பாரில் மேசைமேல் தலையை வைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். குடித்துக் கிடப்பதற்கும் இந்த ஊரில் வெள்ளம்தானாம்.

அவனைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தபோது தெருவே வாசலுக்கு வந்து சிரித்தது. குழாயடியில் அவளைக் கண்டால் பெண்கள் மாரில் அடித்துக் காட்டினார்கள். ரொம்ப நாள் காட்டினார்கள். அந்தச் சிரிப்பை மட்டும் அவளால் செரிக்க முடியவில்லை.

அதன்பிறகு எத்தனையோ தடவை பார்க்காரன் வந்து அதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறான். அவள் பதறியதில்லை. அடுப்பை அணைப்பாள், தலையை வாரி முடிவாள், சாவகாசமாகப் போய்க் கூட்டிவருவாள்.

இன்றைக்கு அதற்கும் மனசில்லை. சத்தியம் செய்த கையின் சூடு இன்னும் தலையில் இருப்பதுபோல் இருந்தது.

"கெடக்கட்டும் சேட்டா. தெளிஞ்சா தன்னால வருவாக. நான் வரல."

பைலி என்னவோ சொல்ல வாயெடுத்தார். அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். வெளியே ஒரு தடவை கதவில் அறைந்தார். பிறகு அவர் ஓடுகிற சத்தம் கேட்டது.

நல்லா ஓடட்டும் என்று நினைத்தாள். ஊரில் எல்லோருக்கும் அவன்மேல் எவ்வளவு கரிசனம்!

பெட்டியை இழுத்துத் திறந்து, கொடியில் கிடந்த சேலையை மடித்து வைத்தாள். அழுகை வந்தது. அடுத்ததாக இசக்கியின் சட்டை கையில் வந்தது. கழுத்துப்பட்டியில் வியர்வை நாற்றம். பீர் நாற்றம் இல்லை. அதைத் திரும்பவும் கொடியில் போட்டாள்.

சொல்ல வருவது எப்போதும் பார்க்காரன். பைலிக்கு அந்தப் பக்கம் என்ன வேலை?

கடைசி ஆளை இறக்கிவிடும் வரைக்கும் வள்ளத்தை விட்டு நகராத மனுஷன் அவர்.

பேச்சி விளக்கை ஏற்றி எடுத்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள்.

பைலி நின்ற படிக்கல்லில் தண்ணீர் தேங்கியிருந்தது. அங்கிருந்து ஈரக் கால்தடங்கள் ஜெட்டிப் பக்கமாகப் போயின. மழை பெய்து எத்தனையோ நாளாகியிருந்தது.

விளக்கு எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. தலை அவிழ, மாரில் அடித்துக்கொண்டு ஓடினாள்.

இந்தத் தடவையும் தெரு முழுக்க வாசலுக்கு வந்து நின்றது.

யாரும் சிரிக்கவில்லை.