ஸ்கேல் விழுகிற வேகம்

ஜோதி முப்பது சென்டிமீட்டர் ஸ்கேலை நெட்டுக்குத்தாகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வசந்தகுமார் இடது கையை நீட்டினான்.

"வலது கை மாமா. என் பிராக்டிகலுக்கு ஒரு ஆள் குறையுது."

தபால் வழியில் சைக்காலஜி படிக்கிறாள். இந்த வருஷம் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்.

வலது கை லுங்கி மடிப்புக்குள் இருந்தது. பிரஸ் மெஷின் நடுவிரலையும் மோதிர விரலையும் தின்ற பிறகு அது அங்கேதான் கிடக்கிறது. சோறுகூட ஸ்பூனில், இடது கையால்.

திங்கட்கிழமை கம்பெனியில் கூப்பிட்டிருக்கிறார்கள். சின்ன ஸ்க்ரூ மாட்டிக் காட்டினால் அசெம்பிளி லைனில் வேலை. இல்லையென்றால் வீடு.

போகப்போவதில்லை என்று சொல்லிவிட்டான்.

"கட்டிக்கினவனையே சோதனை எலியாக்கிட்ட." முனகியபடி கையை வெளியே எடுத்தான்.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஸ்கேலை வைத்து, சொல்லாமல் விட்டாள். தரையில் விழுந்து துள்ளியது.

"பாத்தியா? இத்த எழுதாத."

"எழுதுவேன். புடிக்காதத வெட்டிட்டா பொய்க்கணக்கு. ஒரு வாட்டி புடிச்சா அது லக்கு. நெறைய வாட்டி வுட்டு சராசரி எடுத்தாதான் அது உன் கை."

மறுபடியும் விழுந்தது.

அப்புறம் பிடித்தான். இருபத்தாறாவது சென்டிமீட்டரில், ஸ்கேல் முடியப்போகிற இடத்தில். அடுத்தது இருபது. மறுபடி ஏறி இருபத்து நான்கு. பதினெட்டு. எண் குறைந்தால் கை வேகமாகிறது என்று அர்த்தம்.

அவன் முகம் கடுத்தது. விபத்துக்குப் பிறகு எல்லோரும் அவனிடம் மெல்லப் பேசினார்கள். கெட்ட வார்த்தை இல்லாமல் வாய் திறக்காத சூப்பர்வைசர்கூட ‘வாங்க தம்பி’ என்றார்.

"பாவம்னு மெல்ல வுடறியா?"

"மெல்ல எப்டி வுடறது? வெரல எடுத்தா அது பாட்டுக்கு வுழும். உன் கதையெல்லாம் அதுக்கு இன்னா தெரியும்?"

அவன் ஸ்கேலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவளிடம் நீட்டினான்.

"ஒயுங்கா புடி. இன்னொரு வாட்டி."

பதினாறு.

"உங்க காலேஜுக்கு இன்னும் எத்தினி வோணும்?"

"நெறைய. திங்கக்கெழம வரைக்கும் எடுக்கணுமாம்."

அவன் சிரிக்காமல் விரல்களை விரித்து வைத்துக்கொண்டான்.

பக்கத்து ஹாஸ்டல் பெண்களின் கைகளை அளந்து, சராசரி போட்டு, பிராக்டிகல் நோட்டைப் போன வாரமே காலேஜுக்கு அனுப்பிவிட்டாள். ஆள் ஒன்றும் குறையவில்லை.

ஜோதி ஸ்கேலைத் தூக்கிப் பிடித்தாள்.