எலியாரின் புது ரூம்

"என் அடுப்படி வழியா ஒரு கூடை மண்ணு போனாலும் அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்!" என்று மறுபடியும் கத்தினாள் எலியாரின் மனைவி.

"வேற எந்த வழிடி இருக்கு? தோட்டத்துப் பக்கம் பூனை உட்கார்ந்திருக்கே!"

பக்கத்து வளையில் இரண்டு ரூமாம். அதனால் எலியார் துரைக்கும் வேண்டுமாம். தோண்டிய மண்ணை அடுப்படியிலேயே மலையாகக் குவித்தார், அப்புறம் அள்ளிக்கொள்ளலாம் என்று. அவள் சொன்னபடியே கிளம்பிவிட்டாள்.

புது ரூமில் எலியார் காலை நீட்டி அழகு பார்த்தபோது, அடுப்படி மண் சரிந்து வழியை அடைத்தது. தோண்டித் தோண்டித் தேய்ந்த நகம் இனி எதற்கும் உதவாது.

அப்போது தோட்டத்துப் பக்கச் சுவரை யாரோ பிறாண்டினார்கள். எலியார் முகம் மலர்ந்தது.

"கோபம் போயிடுச்சா கண்ணு? இன்னும் கொஞ்சம் வேகமாப் பிறாண்டேன்!"