நான்காவது "ஆச்சு"

கணினிக்குள் செருகும் மூன்று கார்டுகள், மூன்று கம்பெனிகள், மூன்று பாஷைகள். கணினியின் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டு அவை பேசுவதற்காக, இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் ஒரு பொது மென்பொருள் அடுக்கை ஆறு மாதமாக மாங்கு மாங்கென்று எழுதியிருந்தாள் அவள். யார் வந்தாலும் ஒரே மரியாதை. அதுதான் அந்த அடுக்கின் விதி. இன்று தேறாவிட்டால் மூட்டை கட்டி வைத்துவிடுவார்கள்.

சோதனைக்கு அவள் அந்த நினைவகத்தில் "சாப்டாச்சா?" என்று எழுதுவாள். ஒவ்வொரு கார்டும் "ஆச்சு" என்று பதில் எழுத வேண்டும்.

நான்கு "ஆச்சு" வந்தது.

"புரோகிராம் எழுதுற பழக்கத்துல சைபர்லேர்ந்து எண்ணிருப்ப, அதான் ஒண்ணு கூடுது," என்றார் டீம் லீடர்.

"எண்ணவே வேணாம் சார். நாலு பதிலும் கண்ணு முன்னால இருக்கே."

ஒவ்வொரு கார்டாகக் கழற்றிக் கேட்டாள். மூன்று பதில், பிறகு இரண்டு. எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் ஒரு "ஆச்சு" வந்தது.

லீடர் கார்டு செருகும் காலி ஸ்லாட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். தூசிதான் இருந்தது.

"யார் வந்தாலும் ஏத்துக்கும்னு சொன்ன. நெஜமாவே ஏத்துக்குதும்மா," என்று சோதனைத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

திரையில் அவள் எழுதாத வரி ஒன்று வந்தது.

"நீ சாப்டியா?"

மாலை மணி நான்காகியிருந்தது. "இதோ" என்று தட்டிவிட்டு, காலையிலிருந்து மூடியே கிடந்த டிபன் டப்பாவைத் திறந்தாள்.