அம்மா என்று கூப்பிடாத மகன்

"பெத்த தாயை ஒருக்கா அம்மா எண்டு கூப்பிட்டால் உமக்கு வாய் சுளுக்கிப் போடுமோ?"

யோகமலர் கேட்டேவிட்டாள். கதவடியில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்த நிரூபன் நிமிரவில்லை.

பக்கத்து வீட்டுக்காரியான அவளுக்கு இது தேவையில்லாத கதைதான். ஆனால் கனடாவில், மல்வேர்னில் ஒட்டி ஒட்டிக் கட்டின அந்த ரவுண் ஹவுசுகளுக்கு இடையில் இருக்கிற சுவர் என்ன சுவர்! இந்த வீட்டில் தும்மினால் அந்த வீட்டில் கேட்கும்.

நிரூபன் தாய் மனோரஞ்சிதத்தையும் தம்பி தங்கச்சியையும் ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டு ஒரு பனிமாரி கழிந்துவிட்டது. திலக்சனும் லக்ஷிகாவும் "அம்மா, அம்மா" என்றுதான் கூப்பிடுவார்கள். மூத்தவன் மட்டும், "சாப்பிட்டாச்சோ?", "கோட்டைப் போடுங்கோ." அவ்வளவுதான்.

எயார்போட்டிலும் அப்படித்தான். அவனைக் காரில் கூட்டிக்கொண்டு போனவளே யோகமலர். தம்பியையும் தங்கச்சியையும் கட்டிப்பிடித்தவன், தாய்க்கு முன்னால் யாரோ போல நின்றான்.

அது அவளுக்கு நெஞ்சில் முள்ளாகவே கிடந்தது. தன் தாய்க்கும் அவள் ஸ்பொன்சர் போட்டவள். விசா வருமுன்னமே, இடம்பெயர்ந்து போன இடத்தில் அந்த மனுசி கண்ணை மூடிவிட்டாள்.

"எனக்கு அந்தக் குடுப்பினை இல்லை. உமக்குக் கிடைச்சிருக்கு, அருமை தெரியேல்லை. உம்மைப் போல ஒரு பிள்ளையிட்டை வாறதுக்கு மனோரஞ்சிதமக்கா அங்கையே செத்திருக்கலாம்!"

 நிரூபன் சப்பாத்து நூலைக்கூடக் கட்டாமல் எழும்பி, வேலைக்குப் பஸ் பிடிக்கப் போய்விட்டான்.

குசினிக்குள் நின்ற மனோரஞ்சிதமக்கா வெளியே வந்தாள்.

"அவனைப் பேசாதேங்கோ, பிள்ளை."

"நீங்கள் குடுக்கிற இடந்தான் அக்கா, உவருக்கு இவ்வளவு..."

"நான் அவன்ர தாயில்லை."

யோகமலருக்கு விளங்கவில்லை.

"சித்தி. தாயின்ர தங்கச்சி. விசா கிடைச்ச கிழமை, கொழும்பு லொட்ஜிலை அக்கா நெஞ்சு நோவெண்டு விழுந்தவ. பிறகு எழும்பேல்லை. தாய் இல்லையெண்டால் சின்னதுகளுக்கும் விசா இல்லை. திலக்சனை ஏற்கெனவே ரெண்டு தரம் ஆமி பிடிச்சு விட்டவன். திருப்பி எங்கை கொண்டு போறது? எனக்கும் அக்காவுக்கும் ஒரே முகச்சாடை. அவவின்ர பாஸ்போட்டிலை நான் பிளேன் ஏறினன்."

"நிரூபனுக்கு...?"

"அவனுக்குத் தெரியும். பெத்த தாய்க்கு அவன் வாய்விட்டு அழக்கூட இல்லை, பிள்ளை. அழுதால் ஆர் செத்ததெண்டு கேட்பினமெல்லோ? என்னைப் பார்க்கிற நேரமெல்லாம் தாயின்ர முகம். வாய் எப்பிடி வரும்?"

யோகமலர் படியில் அப்படியே இருந்துவிட்டாள். தான் சற்று முன் சொன்ன சொல் காதுக்குள் நின்று சுட்டது. பிறகு மெல்லக் கேட்டாள்.

"அப்ப... உங்கட பேர்?"

கனடாவுக்கு வந்த பிறகு அதை ஒருவரும் கேட்டதில்லை. கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருதரம் பார்த்துவிட்டு, மனுசி மெதுவாகச் சொன்னாள்.

"கமலாம்பிகை. அக்காவை அந்தப் பேரிலைதான் எரிச்சம்."