ஐம்பத்தாறு கிலோ

"பயப்படாத, நான் இருக்கேன்ல" என்று சொல்லிக்கொண்டே சக்கர நாற்காலியை மெல்லத் தள்ளினார் லிப்ட் இன்ஸ்பெக்டர். நீலச் சால்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, இடுப்பு பெல்ட்டை இன்னொரு தடவை சரிபார்த்தார். ஆற்றுப் பள்ளத்தாக்குப் பூங்காவில் காற்று ஆளையே தூக்கியது.

டிக்கெட் கொடுக்கும் பெண் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். "உங்களுக்கு மட்டும் எடுத்தா போதும் சார். வண்டியில வர்றவங்களுக்கு டிக்கெட் இல்ல. அம்மா தூங்கறாங்களா?"

"அம்மா இல்ல, மணல் மூட்டை. ஐம்பத்தாறு கிலோ. என் சம்சாரத்தோட எடை."

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பதா, காவலாளியைக் கூப்பிடுவதா என்று தெரியவில்லை.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஓய்வு பெறும்வரை முப்பது வருஷம் லிப்ட் சோதித்தவர். மனுஷனை ஏற்றும் முன் மூட்டையை ஏற்று என்பதுதான் அவருக்கு வேதவாக்கு. மனைவிக்கு நடை போன இந்த மூன்று வருஷத்தில், அவள் ஆசைப்பட்ட இடத்துக்கெல்லாம் மூட்டைதான் முதலில் போய் வந்தது. அதற்கென்றே பழைய சக்கர நாற்காலி ஒன்றும் தனியாக வாங்கி வைத்திருந்தார்.

மூட்டை சினிமா பார்த்தது, கடற்கரை பார்த்தது, மச்சினன் கட்டிய புது வீட்டைக்கூடப் பார்த்தது. மனைவிதான் இன்னும் வாசல் தாண்டவில்லை. போன இடத்திலெல்லாம் அவருக்கு ஏதாவது ஒரு குறை அகப்பட்டுவிடும்.

"ஒரே ஒரு தடவை ஆத்துல காலை நனைக்கணுங்க" என்று ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "நான் கூட்டிட்டுப் போறேன் மாமா" என்று அவள் தங்கையும் முன்வந்தாள்.

"நீயா? பாதி வழியில கவுத்துடுவ. நான் மொதல்ல பாத்துட்டு வரேன்" என்று அவள் வாயை அடைத்துவிட்டுத்தான் இன்று கிளம்பினார். சால்வை சக்கரத்தில் சிக்குமா என்று பார்க்க வேண்டாமா? மனைவியுடையதையே சொல்லாமல் கொள்ளாமல் எடுத்து வந்துவிட்டார்.

கழிப்பறைக்குள் மூட்டையோடு புகுந்தவர் முக்கால் மணி நேரம் வெளியே வரவில்லை. காத்திருந்தவர்கள் கதவைத் தட்டினார்கள்.

"கொஞ்சம் பொறுங்க, நாற்காலி இன்னும் திரும்பவே இல்ல!" என்று உள்ளிருந்து கத்தினார். வெளியே வந்ததும் மனைவிக்குப் போன் போட்டார். "கதவு முப்பத்திரண்டு அங்குலம், பரவாயில்ல. கைப்பிடிதான் ரெண்டு விரற்கடை உசரம்."

"சரிங்க."

"அங்க என்ன சளசளன்னு சத்தம்? குழாயை மூடு, தண்ணி வீணாப் போகுது."

"மூட வரலைங்க."

"வாஷர் போயிருக்கும். வந்து பாக்கறேன்."

கடைசியாக, ஆற்றுக்கு இறங்கும் சரிவுப் பாதை. நல்ல அகலம், இரண்டு பக்கமும் கம்பி, வழுக்காத தரை, இளைப்பாற இடையிடையே பெஞ்சு. ஒரு குறையும் சொல்ல முடியாது போலிருக்கிறதே என்று கம்பியை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார்.

உள்ளதைச் சொன்னால், மனுஷனுக்குப் பயம். மனைவி மாடிப்படியில் உருண்டு விழுந்ததை நேரில் பார்த்தவர் அவர். அதற்கப்புறம் எந்தச் சரிவைப் பார்த்தாலும் அளவு டேப்பை எடுத்துவிடுவார்.

மண்டி போட்டு டேப்பை இழுத்தார். ஓர் அடி இறக்கத்துக்குப் பாதை பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும். இங்கே பதினொன்றே முக்கால்தான் இருந்தது. அப்பாடா என்று எழுந்து போனை எடுத்தார்.

"மூணு அங்குலம் குறையுதும்மா. இது நமக்கு ஒத்து வராது. மனு எழுதிப் போடறேன், அடுத்த வருஷம் சரி பண்ணிடுவாங்க."

மறுமுனையில் அதே சளசளப்பு.

"இன்னுமா குழாய் ஓடுது?"

"அது கிடக்கட்டுங்க. கொஞ்சம் கம்பிகிட்ட வந்து கீழ பாருங்க."

பார்த்தார். ஆற்றோரத்தில் ஒரு சக்கர நாற்காலி நின்றது. பக்கத்தில் மச்சினி குடையைப் பிடித்தபடி உற்சாகமாகக் கையாட்டினாள். நாற்காலியில் இருந்தவளின் இரண்டு காலும் கணுக்கால்வரை தண்ணீரில் இருந்தன.

"என் சால்வைய மூட்டைக்குப் போத்தியிருக்கீங்களே, எனக்கு இங்க குளிருது, கொண்டாங்க!"