கொழும்புக்கு ஒண்ணேமுக்கா மணி நேரம்

மாப்பிள்ளைக்குக் கொழும்பில் சொந்தமாகப் பலசரக்குக் கடை. வெற்றிலைகூடப் போடாத பையன். சீர் வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். செவ்வந்தியின் அப்பா பூமிநாதனுக்கு வாயெல்லாம் பல்.

அம்மா சண்முகவள்ளிதான் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

"ஒத்தப் பிள்ள. கடல் தாண்டி அனுப்ப மாட்டேன்."

உச்சிப்புளியில் இப்படியும் ஒரு பட்டிக்காடா என்று பெண் கேட்டு வந்தவர்கள் பார்த்தார்கள்.

மாப்பிள்ளையின் அப்பா குருநாதன், சிக்கல் ஊர்க்காரர், இதற்குத் தயாராகவே வந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து விமானக் கம்பெனியின் நேர அட்டவணையை எடுத்து விரித்தார்.

"பாருங்க தங்கச்சி. திருச்சி ஏரோடிராம்ல இருந்து கொழும்பு ஏரோடிராம் இருநூத்தி எண்பது மைல். பிளேன்ல ஒண்ணேமுக்கா மணி நேரம். நீங்க இங்கன உலை வச்சுச் சோறு வடிக்கிறதுக்குள்ள மக அங்கன இறங்கிருவா."

"ஒண்ணேமுக்கா மணி நேரமா? நான் என்ன கல்லையா வேக வைக்கிறேன்?"

பூமிநாதன் பல்லைக் கடித்தார். "ஏய், சும்மா இரு."

"நீங்க இருங்க. இங்கருந்து திருச்சிக்கு எம்புட்டு நேரம்ண்ணே?"

"அது... ரயில்ல ஒரு பொழுது போயிரும்."

"கொழும்புக் கப்பலுக்குப் போற போட் மெயில் ரயிலு எங்க ஊரு வழியாத்தான் தனுஷ்கோடிக்குப் போகுது. அத விட்டுட்டு ஒரு பொழுது பின்னால போயி, அங்கருந்து வேகமா முன்னால வரணும். நல்லாருக்கு. மாப்பிள்ளை பிளேன்லதான் வந்தாராக்கும்?"

"இந்தத் தடவ கப்பல்ல..."

"போன தடவ?"

குருநாதனுக்குச் சுருக்கென்றது. அட்டவணையை மடித்தார்.

"காலம் எங்கயோ போயிருச்சு. நீங்க இன்னும் மைல்கல்லை எண்ணிக்கிட்டு இருக்கீக. பாசம் இருந்தா தூரமெல்லாம் ஒரு தூரமா தங்கச்சி? பொம்பளப் பிள்ளய முந்தானையில முடிஞ்சு வச்சுக்கிட்டா, அது எப்ப வாழ்றது?"

கூடத்தில் எல்லாத் தலைகளும் ஆடின.

"அவ கெடக்கா மச்சான், நீங்க தாம்பூலத் தட்டை எடுங்க" என்றார் பூமிநாதன்.

கதவுக்குப் பின்னால் நின்ற செவ்வந்தி அம்மாவையே பார்த்தாள். சண்முகவள்ளி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அண்ணன் சொல்றது நெசந்தான். எனக்குத்தான் விவரம் பத்தல."

பூமிநாதனுக்கு இப்போதுதான் மூச்சு வந்தது.

சண்முகவள்ளி குருநாதனின் மனைவி மீனம்மாளிடம் திரும்பினாள்.

"மதினி, உங்க இளைய மகளுக்கும் மாப்பிள்ளை பாக்குறீகளாம்ல. அபிராமத்துல எங்க அண்ணன் மகன் இருக்கான். பள்ளிக்கூடத்துல வாத்தியாரு, தங்கமான பய. நாங்களும் சீர் கேக்க மாட்டோம். இப்பவே ரெண்டையும் பேசி முடிச்சிருவோமா?"

குருநாதன் தொண்டையைச் செருமினார். மீனம்மாள் அதைக் கவனிக்கவில்லை. பாவம், வெள்ளை மனசு.

"ஆத்தாடி, அபிராமமா? சிக்கல்ல இருந்து ரெண்டு பஸ்ஸு மாறணுமே. பிள்ளைக்கு ஒரு தலவலின்னா ஓடிப்போயிப் பாக்க முடியுமா? போன மாசம் முதுகுளத்தூர்ல இருந்து கேட்டு வந்தாக, ஒரே பஸ்ஸுதான். அதையே 'அம்புட்டுத் தூரத்துல பிள்ளயக் குடுத்துட்டு நான் உசுரோட இருக்க மாட்டேன்'னு இவுகதான் திருப்பி அனுப்பிட்டாக."